படகுக்குக் கட்டிய மெத்தைகள்

மண் கரையாக இருந்த காலத்தில் எனக்கு இந்த வேலையே இல்லை. படகின் மூக்கை நேரே கரையில் செருகினால் சேறு அதைப் பிடித்துக்கொள்ளும். சத்தமும் கிடையாது, அடியும் கிடையாது. ஒரு வெள்ளம் வந்து அந்தக் கரையை அரித்துக்கொண்டு போன பிறகு, தோட்டத்து நிர்வாகம் பெரிய மனது பண்ணி, ரோட்டுப் பக்கக் கரையில் கொங்கிறீட் மேடையும் படிக்கட்டும் கட்டித் தந்தது. துரை வந்து பார்த்தார், தேங்காய் உடைத்தார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறுநாள் காலையில் என் படகு அந்த மேடையில் இடித்த இடியில் பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். அதற்குப் பிறகு நான் யார் எதைக் கட்டித் தந்தாலும் கைதட்டுவதில்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் தெஹியோவிட்டப் பக்கம். ஆறு அதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ரப்பர் பாலைச் சீட்டாக அடிக்கும் ஸ்டோர், துரை பங்களா, டிஸ்பென்சரி, பஸ் ஓடும் ரோடு எல்லாம் ஒரு கரையில். எங்கள் டிவிசனும் நாங்கள் குடியிருக்கும் லயங்களும் மறு கரையில். தொண்ணூறுகளின் பின்பாதியில் இந்த இரண்டுக்கும் நடுவே படகு ஓட்டியது நான். மற்றவர்களுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டினால் ஒரு நாள் கூலிக்குப் பேர் விழும், எனக்கு ஆற்றைக் கடந்தால் பேர் விழும். விடிந்ததும் பாடசாலைப் பிள்ளைகள், உச்சிக்கு முன்னால் ஸ்டோருக்குப் போகும் பால் வாளிகள், அதன் பிறகு அரிசி, மண்ணெண்ணெய், கோழி, சம்பளத்தன்று தள்ளாடிக்கொண்டு வரும் பெரிய மனிதர்கள். சும்மா உட்கார்ந்து ஆற்றைக் கடந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரிடமும் எனக்குச் சொல்ல ஒரு புத்தி இருந்தது. துடுப்பை இப்படிப் பிடி, அப்படித் திருப்பு, இன்னும் மேலே போய் இறங்கு. கேட்டுக் கேட்டு என் காது மரத்துப் போயிற்று.

மேடைக்கு வரும்போது படகு எப்போதும் இடது பக்கமாகத்தான் அணையும். தண்ணீர் அப்படித்தான் தள்ளும். வலது பக்கம் நான் துடுப்புப் போடும் பக்கம். அணைகிற நேரத்தில் இடது காலை வெளியே நீட்டி மேடையில் உதைத்து வேகத்தைக் குறைப்பேன். அதாவது, வெகு காலம் அந்தப் படகுக்கு மெத்தையாக இருந்தது என்னுடைய கால்தான். பெருவிரல் நகம் இரண்டு முறை கழன்று முளைத்தது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வாங்குகிற பேருக்கு ஒரு நகம் போனால் போகட்டும் என்றிருந்தேன். படகில் என் மனைவி படுத்துக்கொண்டு வரத் தொடங்கிய பிறகுதான் அந்த இடி எனக்கு இடியாகப் பட்டது.

அவள் பால் வெட்டுகிறவள். ஒரு மழை நாளில் நிறைந்த வாளியோடு சரிவில் சறுக்கி விழுந்தாள். முதுகில் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், கோயிலில் தண்ணீர் மந்திரித்துத் தெளித்தோம். நோவு போகவில்லை. டிஸ்பென்சரியில் துண்டு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, விழுந்ததால் வந்தது இல்லை, அதற்கு முன்னமே முதுகெலும்புக்குள் கிருமி புகுந்திருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாள் வார்டில் வைத்திருந்து, பிறகு வாரத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்கு வந்து ஊசி போட வேண்டும், ஒரு வாரம்கூட விடக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்கு அவளைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு வருவேன். படகின் நடுப் பலகைகள் மேல் பாய் விரித்துப் படுக்க வைப்பேன். ஆற்றின் நடுவே அவள் முகம் நன்றாகத்தான் இருக்கும். மரங்களைப் பார்த்து, அது இந்த வருசம் சீக்கிரம் இலை உதிர்த்துவிட்டது, இது பால் நிற்கப் போகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு வருவாள். மேடை நெருங்க நெருங்கப் பேச்சு நின்றுவிடும். சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். நான் காலை நீட்டி உதைத்தாலும் அந்தக் கடைசி அடி விழாமல் இருக்காது. பலகை வழியாக அது அவள் முதுகுக்குள் நேரே போகும். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழியும். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு கிளினிக் நாளில் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டாள்.

“இனிமே நான் வரலைங்க.”

“ஊசி போட வேணாமா?”

“ஊசி கையில போடுறாங்க. அது எறும்பு கடிக்கிற மாதிரி. அந்தக் கரைதான் என்னைய கொல்லுது. நீங்க கும்புட்டுக் கேட்டாலும் வரமாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வாரா வாரம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லில் மோத வைப்பவன் நான்தானே. அவள் வராவிட்டால் ஊசி இல்லை, ஊசி இல்லாவிட்டால் அவள் இல்லை. ஆகவே, அந்த மேடையில் இடிக்காமல் படகை அணைக்க வேண்டும். அது மட்டும்தான் கேள்வியாக இருந்தது. அதற்கடுத்த கிளினிக்குக்கு அவளைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் லொறி டயர். கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். டவுனில் டயர் ஒட்டுகிற சிங்கள ஆள் ஒருவர், கழித்துப் போட்டதைச் சும்மாவே கொடுத்தார். “மே மொகடத, எதுக்கு இது, படகுக்கா? ஹரி, கொண்டு போ. ஓட்டை போட்டுக்கோ அய்யே, இல்லாட்டி தண்ணி நிண்டு நொளம்பு வந்து கடிக்கும்” என்றார். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த உருப்படியான புத்தி. அடியில் ஓட்டை போட்டு மேடையின் இரும்பு வளையங்களில் கட்டிவிட்டேன். துரை ஜீப்பை நிறுத்திப் பார்த்துவிட்டு, “வெரி குட், பெண்டர் போட்டிருக்கிறாய், படகு பழுதாகாது” என்று பாராட்டினார். அவருக்குப் படகு. எங்கள் ஆட்கள் அதற்கு மெத்தை என்று பேர் வைத்தார்கள்.

மேடையில் கட்டியது என் முட்டாள்தனம். மேலே கரண்ட் ஸ்டேஷனில் தண்ணீர் திறந்தால் எங்கள் ஆறு மழையில்லாமலே ஏறும், மூடினால் இறங்கும். காலையில் படகின் விளிம்புக்குச் சரியாக நின்ற டயர் மத்தியானம் தண்ணீருக்குள் கிடக்கும், சாயங்காலம் ஆகாயத்தில் தொங்கும். மெத்தை எது என்பது பாதிதான், அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் மீதி என்று அப்போது விளங்கிற்று. மேடையிலிருந்து அவிழ்த்துப் படகிலேயே கட்டினேன். படகு ஏறினால் மெத்தையும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஆனால் லொறி டயர் எங்கள் படகுக்குப் பெரிய பாரம். ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. அதுவும் கல்லுக்கு இளைத்த கல் இல்லை. கொங்கிறீட்டின் முகத்தில் இருந்த முரட்டுத்தனம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

“எப்படி இருக்கு?” என்று அவளைக் கேட்டேன்.

“அது கல்லுல இடிக்கிறது, இது டயருல இடிக்கிறது” என்றாள்.

அப்போதுதான் படகில் வந்த எல்லாரும் ஒரே வாயாக ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்கள். ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு எவனோ கழித்துப் போட்ட டயருக்கு அலைகிறாயே, ஊருக்கே ரப்பர் கொடுக்கிறவர்கள் நாம்தானே என்று. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் பிறந்ததிலிருந்து ரப்பர் வாசத்தில் கிடக்கிறவர்கள். ஸ்டோரில் ரோலர் ஓட்டுகிற என் மச்சான், கங்காணியிடம் கேட்டு, கரும்புள்ளி விழுந்து கழிந்த சீட்டுகளைக் கொடுத்தான். புகையில் போடாத பச்சைச் சீட்டு. அதையும் மரத்தடியில் உறைந்து கிடந்ததைப் பொறுக்கிய ஒட்டுப்பாலையும் சேர்த்து உருட்டி, இறுக்கி, பெரிய உருண்டைகளாகப் பண்ணி இடது பக்கம் தொங்கவிட்டோம். லயத்து ஆட்கள் அதற்குச் சந்தனம் வைத்துக் கற்பூரமும் காட்டினார்கள். நாற்றம் குடலைப் புரட்டியது, அதைச் சொல்லியாக வேண்டும்.

அது மெதுவாகத்தான் இருந்தது. மேடையில் தொட்டபோது படகு ஒரு அமுங்கு அமுங்கி நின்றது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. மறுநாள் வேலை இல்லாததால், படகை ரோட்டுக் கரை மேடையோடு இறுக்கிக் கட்டிவிட்டு, மச்சானின் சின்னத் தெப்பத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மண்டை பிளக்கும் வெயில்.

பச்சை ரப்பர் வெயிலில் என்ன ஆகும் என்று எங்கள் தோட்டத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். சீட்டை வெயிலில் காயப் போட்டால் கங்காணி அடிக்க வருவார். அப்படியிருந்தும், அத்தனை பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. திங்கட்கிழமை விடிய நான் போய்ப் பார்த்தபோது, உருண்டைகள் இளகி, சுட்ட கொங்கிறீட்டில் அப்பி, படகையும் மேடையையும் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தன. இராத்திரி மேலே தண்ணீரை மூடியிருக்கிறார்கள். ஆறு இறங்கிவிட்டது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கம் மேடையில் தொங்கிக்கொண்டு, மறு பக்கம் தண்ணீருக்குள் புகுந்து, வயிறு நிறையத் தண்ணீரோடு சாய்ந்து கிடந்தது. என் துடுப்பு எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியாது.

மறு கரையில் பாடசாலைப் பிள்ளைகள் நின்று சிரிக்கிறார்கள். ரோட்டுக் கடைக்காரர் சிங்களத்தில், “உங்க ஆளுகளுக்கு ரப்பர் மேல இவ்வளவு பாசமா” என்று கேட்டார். பால் வெட்டுகிற கத்திகளை வைத்து, பட்டை சீவுகிற மாதிரி சீவிச் சீவிப் படகை மேடையிலிருந்து பிரித்தோம். அன்றைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் பிந்தினார்கள், எல்லாருக்கும் ஏச்சு விழுந்தது. எனக்கு விழுந்த ஏச்சைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து இதை அவளிடம் சொன்னபோது, முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோயில் விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்காகவே படகு முழுகியிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றிற்று.

அதற்குப் பிறகு தும்பு மூட்டை. உரச் சாக்கில் தென்னந்தும்பை அடைத்துத் தைத்தேன். முதல் தடவை நன்றாக இருந்தது. “பாதி நோவுதான்” என்றாள். ஆனால் இரண்டு நாளில் தும்பு தண்ணீரைக் குடித்துப் பிணம் மாதிரி கனத்தது. அவிழ்த்துக் காய வைப்பேன், மறுபடி கட்டுவேன். மழைக் காலத்தில் காயவும் இல்லை. நாள் முழுவதும் துடுப்புப் போட்டுவிட்டு வந்து, அடுப்பு மூட்டி, கஞ்சி வைத்து, அவளுக்கு உடம்பு துடைத்து, அதன் பிறகு ஈரத் தும்பைப் பிரித்து அடுப்புக்கு மேல் பரப்பிக்கொண்டிருப்பேன். களைத்துப் போய்விட்டேன். நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். இந்த ஆறும் வேண்டாம், இந்தப் படகும் வேண்டாம் என்று அடிக்கடி வாய்விட்டே சொல்வேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

கடைசியில் வழி சொன்னது அவள்தான். பால் ஏற்றுகிற டிராக்டரின் பழைய டியூப் ஒன்றை நான் கொண்டு வந்து, காற்றடித்துக் கட்டலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று அரை நாள்கூட நிற்கவில்லை.

“அதுக்குள்ளாற தும்ப அடைங்க” என்றாள். “தண்ணியும் போகாது, காத்தும் வேணாம். தலைகாணி மாதிரி நீளமா பண்ணுங்க. உருண்டையா பண்ணுனா உருண்டு மேல ஏறிக்கும்.”

வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து டியூப்பை நீளத் துண்டுகளாக வெட்டினேன். உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி அவள் தும்பை விரலால் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். கட்டி கட்டியாக அடைத்தால் நடுவில் கல் மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். நான் அவசரமாக அடைத்த ஒன்றைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இத நீங்க தலைக்கி வச்சுப் படுப்பீங்களா?” என்று கேட்டுத் திருப்பித் தந்தாள். திரும்பவும் பிரித்து அடைத்தேன். வாயை மடித்து, மரத்தில் சிரட்டை கட்டுகிற கம்பியால் இறுக்கி, கம்பி முனை படகைக் கீறாமல் இருக்கத் துணி சுற்றினேன். படகின் விளிம்பில் கட்டினால் விளிம்பே பிய்ந்து வந்துவிடும் என்பதால், உள்ளே குறுக்குப் பலகையில் கயிற்றைக் கட்டி வெளியே இறக்கினேன். ஒவ்வொரு மெத்தைக்கும் இரண்டு முனையிலும் கயிறு, படுக்கை வாட்டில் தொங்கும்படி. தண்ணீரில் முட்டாமல், விளிம்புக்கு மேலே ஏறாமல், படகின் வயிறு எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அங்கே. மூன்று மெத்தையோடு டியூப் தீர்ந்துவிட்டது. இடது பக்கத்துக்குத்தான் சரியாக வந்தது. வலது பக்கத்துக்கு அவசியமும் இல்லை, அங்கே எதைத் தொங்கவிட்டாலும் துடுப்பில் மாட்டும்.

அது வேலை செய்தது. முதல் கிளினிக் நாளில் சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள், கடிக்கவில்லை. “பரவால்லைங்க” என்றாள். அடுத்த வாரம், “போன தடவைய விட நல்லாருக்கு” என்றாள். கயிற்றை ஒரு விரல் ஏற்றிக் கட்டியிருந்தேன், அதனால்தான் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரம் இன்னொரு விரல் இறக்கினேன். அப்போதும் போன வாரத்தை விட நன்றாக இருந்தது. தொட்டதெல்லாம் பலித்தது. படகில் வருகிறவர்களிடம் நான் மெத்தைக் கயிறு கட்டுகிற விதத்தை விளக்கிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். புத்தி சொல்லப் பிறந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். கிளினிக்கில் நோவு எப்படி என்று கேட்பார்கள். குறைவு என்று சிங்களத்தில் சொல்வாள். ஹொந்தாய், ஹொந்தாய், நல்லது என்று துண்டில் எழுதி அனுப்புவார்கள். வரிசை அவ்வளவு நீளம், யாரும் அவளைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை.

கால்கள்தான் ஓய்ந்து வந்தன. தோளில் சாய்ந்து நடந்தவளை இடுப்பைப் பிடித்து நடத்த வேண்டியிருந்தது, பிறகு தூக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. படுத்தே கிடந்தால் கால் அப்படித்தான் ஆகும் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். செருப்பு கழன்று விழுவது தெரியவில்லை என்று செருப்புப் போடுவதையே விட்டுவிட்டாள். நோவு போகட்டும், கால் பிறகு தேறும் என்று நானும் இருந்தேன். இராத்திரியில் அவள் முனகாமல் தூங்கினாள். அவள் தூங்கியதால் நானும் தூங்கினேன். அந்தச் சில வாரங்கள் எங்கள் வீட்டில் நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு கிளினிக் நாள். முந்தின நாள் மலையில் நல்ல மழை. ஆறு காவி நிறத்தில் ஏறியிருந்தது. போகலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ஒரு வாரம்கூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே. அவளும், “நீங்க கட்டுனது இருக்கில்ல, எனக்கென்ன பயம்” என்றாள். மெத்தைகளை ஒன்றொன்றாக அமுக்கிப் பார்த்தேன், கயிறுகளை இழுத்துப் பார்த்தேன், அவளைப் படுக்க வைத்துத் தள்ளினேன்.

நடு ஆற்றைத் தாண்டியதும் தண்ணீர் படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பிவிட்டது. துடுப்பை எவ்வளவு போட்டும் தலை வளையவில்லை. அரைச் சுற்றுச் சுற்றி, வலது பக்கமாக மேடையை நோக்கிப் போனோம். காலை நீட்ட அந்தப் பக்கம் எனக்கு வசதியில்லை. வெறும் பலகை கொங்கிறீட்டில் போய் மோதியது. ரோட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். நான் முழங்காலில் விழுந்தேன். விளிம்புப் பலகை ஒன்று வாய் பிளந்தது. மெத்தைகள் மூன்றும் ஆற்றுப் பக்கமாகச் சும்மா தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

நான் முதலில் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. கயிற்றை வளையத்தில் போட்டு இறுக்கினேன். செத்துப் போயிருப்பாள் என்றுகூட நினைத்தேன்.

“வந்துட்டோமாங்க?” என்றாள்.

திரும்பினேன். மல்லாந்து படுத்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு வாயில் இல்லை, தோளில் இருந்தது. படுத்திருந்தவளுக்கு எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் ஆறு என்று தெரியாது.

“வந்தாச்சு” என்றேன்.

“சத்தந்தான் பெருசா கேட்டுச்சு. நோவு ஒண்ணுமே இல்லைங்க. இன்னைக்கித்தான் ரொம்ப நல்லா கட்டியிருக்கீங்க.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். குனிந்து அவள் காலைப் பிடித்தேன். பெருவிரலை நன்றாகக் கிள்ளினேன். அவள் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கிள்ளினேன். நகம் பதிந்து இரத்தம் கட்டியது.

“ஏங்க உட்கார்ந்துட்டீங்க, தூக்குங்க, நேரமாகுது” என்றாள்.

தூக்கினேன். படியில் ஏறினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை, கடைக்காரரின் திரீவீலை எடுக்கச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே எடுத்தார். வழி முழுவதும் அவள் அந்த மெத்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள். வலது பக்கத்துக்கும் ரெண்டு தைத்துவிடலாம், தும்பு பிரித்துத் தர இப்போது அவளுக்கு முடியும், பக்கத்து லயத்து ஆட்களும் படகில் ஏறினால் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று. திரீவீல் பள்ளத்தில் விழுந்து எழுந்தபோதும் பேச்சை நிறுத்தவில்லை. நான் உம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு நான் வரிசையில் நிற்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனேன். வாசலில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி ஏசினார், நான் காதில் வாங்கவில்லை. உள்ளே இருந்த டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவளுக்குக் காலில் உணர்வில்லை, நோவும் இல்லை, படகு மோதியும் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து கட்டிலில் படுக்க வைத்து, தலைமாட்டை உயர்த்தினார். அவள் தன் கால்களைத் தானே பார்க்கும்படி ஆயிற்று.

டாக்டர் ஒரு ஊசியை எடுத்து அவள் உள்ளங்காலில் குத்தினார். தெரிகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். கணுக்காலில் குத்தினார். முழங்காலில் குத்தினார். குத்திய இடங்களில் சின்னச் சின்னதாக இரத்தம் துளிர்த்தது. தொடைக்கும் மேலே, இடுப்பு வரை வந்துவிட்டார். அவள் அந்த ஊசியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப, அது மெத்தை இல்லையாங்க?” என்று கேட்டாள்.

போன வாரமும், அதற்கு முந்தின வாரமும், கயிற்றை ஒரு விரல் ஏற்றி ஒரு விரல் இறக்கி நான் கட்டிய ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்விக்குள் இருந்தன. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறாள் என்று என்னிடம் கேட்டார்.

“ஒண்ணும் இல்ல நோனா” என்று சிங்களத்தில் சொன்னேன். “படகைப் பத்திக் கேக்குறா.”